‘மயிரிழை’ என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த விமானம் ஒன்று, தரையை நெருங்கிய பிறகு மறுபடியும் மேலே ஏறிப்போன செய்தியைச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் படித்தேன். ‘மயிரிழையில் தப்பிய பயணிகள்’ என்று தலைப்பு. கடைசி வரியில், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கவனக்குறைவா என்றொரு கேள்வி. அந்த ஒரு வரி எங்கள் வீட்டில் எல்லாரையும் வருத்திவிட்டது. என் மகள் 11 ஆண்டுகளாக வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக இருக்கிறாள்.

பாயான் லெப்பாஸில் இருப்பது ஒரே ஓடுபாதை. 04, 22 என்று இரண்டு எண்களைச் சொல்வார்கள். அவை அதே பாதையின் இரு முனைகள். திசைகாட்டியில் ஏறக்குறைய 40 பாகை, 220 பாகை. முன்னால் இறங்கிய விமானம் அந்தப் பாதையை விட்டு விலகச் சற்றுத் தாமதித்தாலே போதும், பின்னால் வருவதை இறங்கவிடக் கூடாது. அப்போது கோபுரத்திலிருந்து வரும் சொல் ‘கோ அரவுண்ட்’. விமானி வேகத்தைக் கூட்டி மேலே ஏறி, சுற்றி வந்து மறுபடி இறங்குவார். காற்று திடீரென்று மாறினாலோ, உயரமும் வேகமும் சரிப்படவில்லை என்று பட்டாலோ, யாரும் சொல்லாமலே விமானி இந்த முடிவை எடுக்கலாம். உள்ளே இருப்பவர்களுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். மகளிடம் கேட்டேன். “அப்பா, சந்தேகம் வந்தா மேல அனுப்பிடணும். அதுக்குத்தானே நாங்க உட்கார்ந்திருக்கோம்?” என்றாள்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் சந்திக்கும் சொந்தக்காரர்கள் இன்றும், “பாப்பா பிளேனுக்குக் கை காட்டுற வேலைதானே பார்க்குது?” என்று கேட்கிறார்கள். ஒளிரும் கோலை அசைத்து விமானத்தை நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவருபவர் தரைப்பணியாளர். அதுவும் பொறுப்பான வேலைதான். ஆனால் கட்டுப்பாட்டாளரைப் பயணிகள் பார்க்கவே முடியாது. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் பறக்கும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு; அதற்குள் எத்தனை குரல்கள்! புறப்படும் முன் வழித்தட அனுமதி தருபவர் ஒருவர். நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை முனைவரை நகர்த்துவது ‘கிரவுண்ட்’. ஓடுபாதை ‘டவர்’ கையில். சின்ன நிலையங்களில் ஒருவரே இரண்டு வேலைகளைச் சேர்த்துப் பார்ப்பதும் உண்டு. மேலெழும்பியதும், நிலையத்தைச் சுற்றியுள்ள வான்வெளியைப் பார்த்துக்கொள்ளும் ‘அப்ரோச்’, அதன்பின் ரேடார் திரையைப் பார்த்தபடி நெடுந்தூர வான்வெளியைக் கவனிக்கும் ‘ஏரியா கண்ட்ரோல்’. கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கும் சிப்பாங்கை நெருங்கும்போது இதே வரிசை தலைகீழாக வரும். இத்தனை பேருக்கும் துணையாகப் பயண விவரங்களைத் தயார்செய்யும் உதவியாளர்களும் மேற்பார்வையாளரும் இருக்கிறார்கள். ரேடார் திரையில் தெரியும் இரண்டு விமானங்கள் உயரத்தில் 1,000 அடியாவது விலகியிருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கவாட்டில் பொதுவாக 5 கடல் மைல், விமான நிலையத்துக்கு அருகில் 3.

ஒரு குரலிலிருந்து இன்னொரு குரலுக்கு மாறும் அந்த இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பதை நம் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2014 மார்ச் 8 அன்று எம்எச்370 விமானம் காணாமற்போனது, கோலாலம்பூர் கட்டுப்பாட்டிலிருந்து வியட்நாமின் ஹோ சி மின் கட்டுப்பாட்டுக்கு மாறும் வேளையில்தான்.

இந்த வேலையில் ஒரு சொல்லின் எடை என்ன என்பது எனக்கு உறைத்தது பூச்சோங் விபத்தைப் பற்றி மகள் சொன்னபோதுதான். 1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் அன்றைய விமான நிலையமான சுபாங்குக்கு வந்துகொண்டிருந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானம், போயிங் 747. 2,400 அடிக்கு இறங்கலாம் என்பதைக் கட்டுப்பாட்டாளர் “டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று சொன்னார். விமானியின் காதில் அந்த ‘டூ’ இரண்டு என்ற எண்ணாக விழவில்லை. ‘அதுவரைக்கும்’ என்று பொருள்தரும், அதேபோல் ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லாக விழுந்தது. “ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று பதில் சொன்னார், அதாவது 400 அடி. பதிலில் ஓர் எண் குறைந்திருப்பதைக் கேட்டவர் கவனிக்கவில்லை. தரை நெருங்குகிறது என்று விமானத்திலிருந்த கருவி எச்சரித்தும் பயனில்லாமல், பூச்சோங் அருகே குன்றில் மோதி நால்வரும் இறந்தார்கள். ‘இரண்டாயிரத்து நானூறு அடி’ என்று முழுமையாகச் சொல்லியிருந்தால் குழப்பத்துக்கு இடமே இருந்திருக்காது. கட்டுப்பாட்டாளர் சொன்னதை விமானி திருப்பிச் சொல்வதும், திருப்பிச் சொன்னது சரிதானா என்று கட்டுப்பாட்டாளர் காது கொடுத்துக் கேட்பதும் இதனால்தான். என் மகள் வீட்டில்கூடப் போன் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்லச் சொல்கிறாள். முன்பெல்லாம் எனக்கு அது எரிச்சலாக இருந்தது, இப்போது இல்லை.

ஆசிரியர் அவர்களே, தங்கள் மாணவர் பக்கத்தில் இந்த வேலையைப் பற்றி ஒரு முறை எழுதுங்கள். எஸ்பிஎம் என்ற ஐந்தாம் படிவத் தேர்வை முடித்த நம் பிள்ளைகள் பலருக்கு இப்படியொரு பணி இருப்பதே தெரியாது. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ வகுத்த 6 படிகளில் குறைந்தது 4-ஆம் படி ஆங்கிலத் திறன் வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்த என் மகளுக்கு அது கைவந்தது. மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடமே நேரில் கேட்டு எழுதினால் விவரங்கள் சரியாக அமையும்.

இன்னொரு விமானம் இப்படி மேலே ஏறிப்போகும் நாளில், ‘சுற்றி வந்து பத்திரமாக இறங்கியது’ என்று தலைப்பிடுங்கள்.

அன்புடன்,
கட்டுப்பாட்டாளர் ஒருவரின் தந்தை,
சுங்கை ஆரா, பினாங்கு