அருவங்காட்டு வீட்டை ஒழிக்குமுன்

குன்னூர்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. திருப்பூர் வெயில் அவருக்கு ஒத்துக்கொண்டுவிட்டது போல. இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்குக் கோத்தகிரியில் வேலை கிடைத்திருக்கிறது, பஸ்ஸில் போய் வருகிறாள்.

பொங்கலுக்கு வந்து வீட்டை ஒழிக்கப் போவதாக எழுதியிருந்தாய். மாதம் சரிதான். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஆடி மழை பெரிதென்றால் நமக்கு ஐப்பசி, கார்த்திகைதான். தை பிறந்தால் காற்று காய்ந்துவிடும், எதையும் வெளியே எடுத்துப் பரப்பலாம். ஆனால் மிச்சத்தையெல்லாம் போகியன்று கொளுத்திவிடலாம் என்று உன் தம்பி சொல்கிறானே, அது மட்டும் வேண்டாம். அந்த மாதத்துக் காலையில் குளிர்காற்று பள்ளத்திலேயே தேங்கி நிற்கும். புகை மேலே ஏறாது, அக்கம்பக்கத்து வீட்டுக்குள்தான் போகும்.

கீழே சமவெளியில் இருக்கும் வீடுகளில் சாமான் சேர்ந்தால் இடம் குறையும். இங்கே சாமானே கெட்டுப்போகும். மூடுபனி நாளில் வீட்டுக்குள் வரும் ஈரம், வெளிச்சுவரின் குளிர் பட்டதும் அங்கேயே வியர்த்து நிற்கும். அதை ஒட்டிப் பீரோ இருந்தால், பின்பக்கம் முழுக்கப் பூஞ்சைதான். அதற்குள் துணியைத் திணித்து வைத்தால் காற்று புக வழியே இல்லை. வேண்டாத பத்துப் புடவைக்கு இடம் கொடுத்து, வேண்டிய ஒரு புடவையை இழப்போம். அதனால் எதைக் கொடுக்கிறோமோ அதை நன்றாக இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும் என்பேன். பூஞ்சை பிடித்த ஸ்வெட்டரை யாருக்குக் கொடுப்பாய்? தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் இருக்கும் லைன் வீடுகளில் இந்தக் குளிருக்கு நல்ல கம்பளிக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. துவைத்து, வெயிலில் காயவைத்துக் கொடு. வைத்துக்கொள்வதையும் அப்படியே செய். கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. வியர்வையும் அழுக்கும் ஏறிய துணி என்றால் அதற்கு விருந்து.

பட்டுப்புடவைகளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துவிடு. பழைய வேட்டித் துணியில் சுற்றி, மடிப்பை மாற்றி வை. அந்துருண்டை ஜரிகைமேல் படக்கூடாது.

அப்புறம் போட்டோக்கள். எனக்கு மிகவும் கவலை அதில்தான். நம் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் (எச்.பி.எஃப்.) ஆலையில் செய்த 'இந்து' என்ற பெயர் கொண்ட ஃபிலிமில் உங்கள் அப்பா எத்தனை படம் எடுத்திருப்பார்! நாம் இருவரும் சிம்ஸ் பார்க்கில் நிற்கும் படமும் அதில்தான் இருக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்காதே, அப்படியே தனியாக எடுத்து வை, தெரிந்தவரிடம் காட்டுவோம். மற்றவற்றைக் காகித உறையில் போடு. பசை தடவிய ஆல்பத்தில் திரும்ப வைக்காதே, படம் மஞ்சளாகிவிடும். ராமபாணப் பூச்சி அரித்த புத்தகங்களை நல்ல புத்தகங்களோடு சேர்க்காதே. வீட்டுப் பத்திரம், அப்பாவின் பென்ஷன் காகிதங்கள் இரண்டையும் முதல் வேலையாக எடுத்து உன் கைப்பையில் வைத்துக்கொள். லேமினேட் மட்டும் செய்துவிடாதே, ஒருமுறை ஒட்டினால் பிரிக்கவே முடியாது.

பரணில் பழைய பிளாஸ்டிக் பைகள் மூட்டையாக இருக்கும். சுப்ரியா சாஹு கலெக்டராக இருந்த காலத்திலேயே நம் மாவட்டத்தில் அதற்குத் தடை வந்துவிட்டது. தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரியில்தான் வந்தது. அம்மா தலைமுறைக்கு ஒரு பையைத் தூக்கிப்போட மனசு வராது. வீடு பூட்டிக் கிடக்கப் போகிறது என்றால் எண்ணெய், வெல்லம், மாவு என்று ஒரு டப்பாகூட உள்ளே இருக்கக்கூடாது. கரடி இப்போது கோயில் விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்கே கதவை உடைக்கிறது.

பாத்திரங்களை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். அதை நீயோ தம்பியோ முடிவு செய்யக்கூடாது கலா. அதில் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கிறது, சிலதில் பாட்டியின் பெயர். இந்தக் குளிரில் அம்மாவை அழைத்து வர வேண்டாம். வீடியோ காலில் ஒவ்வொன்றாகக் காட்டு. இது யாருக்கு, அது யாருக்கு என்று அவரே சொல்லட்டும். அதற்கு ஒரு முழு நாள் ஆனாலும் ஆகட்டும். தம்பி அவசரப்பட்டால் என்னிடம் பேசச் சொல். அவர் உயிரோடு நன்றாக இருக்கும்போது, அவருடைய வீட்டை அவரைக் கேட்காமல் காலி செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வெண்கலப் பானையை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதே. வேறு யாரும் கேட்காவிட்டால் நான் வைத்துக்கொள்கிறேன்.

சாவியைத் தம்பியிடம் முன்கூட்டியே கொடுத்தனுப்பு. நீ வருவதற்குள் நான் போய் ஜன்னல்களைத் திறந்து, பீரோக்களைச் சுவரிலிருந்து நகர்த்தி வைக்கிறேன். அட்டைப்பெட்டிகளுக்கு இங்கே கடையில் சொல்லிவிட்டேன். அந்த நாட்களில் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

அன்புடன்,
மல்லிகா