கிட்னி கேட்கிறார்கள் என்று சொன்ன மகளுக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கொழுந்தனாருக்குக் கிட்னி தரச்சொல்லிக் கேட்கிறார்கள், உனக்கும் ஓ பாசிட்டிவ் என்றாய். கொடு என்றோ கொடுக்காதே என்றோ நான் சொல்லப்போவதில்லை. ஆனால் மாமியார் சொன்ன ‘ரெண்டுல ஒண்ணுதானே’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே.

ஆபரேஷனுக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் இடது கிட்னியைத்தான் எடுப்பார்கள். அந்தப் பக்கத்துச் சிரை, அதாவது கிட்னியிலிருந்து ரத்தம் திரும்பும் குழாய், நீளம், பொருத்த வசதி. லேப்ராஸ்கோப்பியில் பிரித்து, அடிவயிற்றுக் கீறல் வழியே வெளியே எடுப்பார்கள். நாலைந்து நாளில் வீடு, ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாது. உயிருக்கு ஆபத்து பத்தாயிரத்தில் மூன்று பேருக்கு. மிஞ்சிய கிட்னி கொஞ்சம் பெருத்து, இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் 70 சதவீதம்வரை தானே பார்த்துக்கொள்ளும். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளை அப்புறம் தொடவே கூடாது.

கவலை அதற்குப் பிந்தைய நாற்பது வருஷத்தைப் பற்றித்தான். உன் 27 வயதில் கிரியேட்டினின் என்கிற கிட்னி ரத்தப் பரிசோதனை, சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் சுத்தமாகத்தான் வரும். அதே ரிப்போர்ட் 55 வயதுக்காரருக்கு வந்தால் மதிப்பு அதிகம். வரவேண்டிய சர்க்கரையும் பி.பி.யும் அவருக்கு அதுவரை வரவில்லை. உனக்கோ அப்பாவுக்கும் ஆயாவுக்கும் சர்க்கரை. இன்னொரு பிள்ளை வேண்டும் என்கிறாய். கனடாவில் ஒப்பிட்டுப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள்: கிட்னி கொடுத்த பெண்களுக்கு நூறு கர்ப்பத்தில் 11இல் பி.பி. சிக்கல், கொடுக்காத ஆரோக்கியமானவர்களுக்கு 5இல்.

மாப்பிள்ளையை ஏன் யாரும் கேட்கவில்லை? பி குரூப் என்று எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டார்கள். சம்பாதிக்கிறவர் என்பதும் காரணம்தான், அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். குரூப் சேராத இரண்டு குடும்பங்கள் டோனர்களை மாற்றிக்கொள்ள உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தம் இடம் தருகிறது. ஓ குரூப் நோயாளிக்கு அப்படி ஜோடி அமைவது கஷ்டம், இல்லையென்று சொல்லவில்லை. ஓ குரூப்காரர் தன் வீட்டு நோயாளிக்கே நேராகக் கொடுத்துவிடுவார், குரூப் சேர்ந்தும் கிராஸ்மேட்ச், அதாவது இருவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் சோதனை, ஒத்துவராத வீடு கிடைத்தால்தான் உண்டு. கேட்டாவது பார்த்தார்களா? இறந்தவர் உறுப்புக்கான பட்டியலில் பெயர் பதிந்தார்களா? டயாலிசிஸ் வாரம் மூன்று தடவை ஒழுங்காக நடக்கிறவரை ‘இந்த வாரமே’ என்ற அவசரம் பொதுவாகக் கிடையாது.

கொழுந்தனாருக்கு நீ அண்ணி. அண்ணி சட்டப்படி நெருங்கிய உறவில் வரமாட்டாள். அதனால் உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழு முன்னால் நீ உட்கார வேண்டும். ஏன் கொடுக்கிறாய், பணம் கைமாறியதா என்று கேட்பார்கள், மூன்று வருஷ வருமானத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். உன் உறவினரையும் விசாரித்து, ஆட்சேபம் இருந்தால் பதிய வேண்டும் என்பது 2014 விதி. பெண் டோனர் என்றால் அவள் சம்மதத்தை நோயாளி அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. புதுச்சேரி லாஸ்பேட்டை மனையை உன் பேருக்கு எழுதித் தருவதாக மாமனார் சொன்னாரே, அதைப் பாசம் என்று நினைத்துவிடாதே. கிட்னிக்குப் பதிலாக என்றால் சட்டத்தில் அது விலை: ஐந்து முதல் பத்து வருஷம் ஜெயில், அபராதம் 20 லட்சத்தில் ஆரம்பம். போக்குவரத்து மாதிரி, கொடுப்பதால் நேரடியாக ஆகும் செலவும் வேலைக்குப் போகாத நாள் சம்பளமும் மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போட்ட பிறகும், மயக்க ஊசி போடும்வரை வேண்டாம் என்று சொல்லலாம். வீட்டில் எப்படி முகம் கொடுப்பது என்றால் டாக்டரிடம் தனியாகச் சொல். ‘டோனராக எடுத்துக்கொள்ள முடியாது’ என்று மட்டும் குடும்பத்தாரிடம் சொல்லி நிறுத்துவது டிரான்ஸ்பிளான்ட் டாக்டர்களிடம் பழைய வழக்கம். அது பொய்யா என்று குழம்பாதே. மனசில்லாதவர் பொருத்தமான டோனர் இல்லை.

கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு மாப்பிள்ளையோடு போகாதே, தனியாகப் போ. முதல் பிரசவத்து டிஸ்சார்ஜ் சம்மரி பச்சை ஃபைலில் இருக்கிறது. எட்டாம் மாதம் பி.பி. ஏறி மாத்திரை போட்டது அதில் எழுதியிருக்கிறது. டாக்டர்கள் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டு.

அம்மா