சல்லடைப் படகை மூழ்கடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தைத் தவறாமல் படித்து வருபவன், கடலோரப் பள்ளிகளில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். சென்ற மாதம் எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு வந்த சிறுவர் பாடல் தொகுப்பு ஒன்றில், ஆங்கிலக் கவிஞர் எட்வர்ட் லியர் எழுதிய ‘ஜம்பிளிகள்’ பாடலின் தமிழ்த் தழுவலைக் கண்டு மிகவும் மகிழ்ந்தேன். கடைசிப் பத்திக்கு வந்தபோது மனம் நொந்துபோனது. சல்லடையில் ஏறிக் கடலுக்குப் போனவர்கள் எல்லோரையும் அதில் மூழ்கடித்திருந்தார்கள். அடியில், மூத்தோர் சொல்லை மீறக் கூடாது என்ற நீதியும் அச்சாகியிருந்தது.

லியர் அப்படி எழுதவில்லை. 1871ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள மூலப் பாடலில், பச்சைத் தலையும் நீலக் கையும் கொண்ட ஜம்பிளிகள், ‘மூழ்கிப் போவீர்கள்’ என்று நண்பர்கள் எல்லோரும் எச்சரித்தும் கேளாமல், புயல் வீசும் குளிர்காலக் காலையில் சல்லடையில் புறப்படுகிறார்கள். தண்ணீர் உள்ளே வரத்தான் செய்கிறது. கால் நனையாமலிருக்க இளஞ்சிவப்புக் காகிதத்தைச் சுற்றி ஊசி குத்திக்கொள்கிறார்கள். இரவில் ஒரு மண்சாடிக்குள் படுத்துக்கொள்கிறார்கள். போன இடத்தில் ஓர் ஆந்தை, ஒரு வண்டி, ஒரு பவுண்டு அரிசி, ஒரு பன்றி, நாற்பது புட்டி ‘ரிங்-போ-ரீ’ எல்லாம் வாங்குகிறார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அத்தனை பேரும் திரும்பி வருகிறார்கள். ஊரே விருந்து வைத்து, உயிரோடிருந்தால் நாங்களும் சல்லடையில் போவோம் என்கிறது.

தழுவலில் மண்சாடி இல்லை, காகிதமும் இல்லை. ரிங்-போ-ரீ வெறும் பழரசம் ஆகிவிட்டது. அந்தச் சொல்லுக்கு எந்த அகராதியிலும் பொருள் கிடையாது. வாய்க்குள் உருளும் ஓசைக்காகவே லியர் அதைப் படைத்தார். பொருளில்லாத சொல் குழந்தைகளுக்கு விளங்காது என்று தமிழர்களாகிய நாம் அஞ்ச வேண்டியதே இல்லை. ‘கண்ணாமூச்சி ரே ரே’ என்று கத்தாமல் வளர்ந்தவர் நம்மில் யார்? கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டில் வரும் ‘ஏலேலோ’வுக்கும் ‘ஐலசா’வுக்கும் பொருள் கேட்டு யாரும் கயிற்றைப் பிடிப்பதில்லை. அந்த ஓசைக்குத்தான் வலை கரையேறுகிறது.

லியர் விளையாட்டுப் பேர்வழி என்று எண்ணுவோரும் உண்டு. 1812இல் லண்டனை அடுத்த ஹாலோவேயில் பிறந்த அவர், சிறு வயது முதலே வலிப்பு நோயோடு வாழ்ந்தவர்; அவரை வளர்த்தவர் மூத்த சகோதரி. இருபது வயதிலேயே, உயிருள்ள கிளிகளைப் பார்த்து இறகு இறகாக வரைந்த படத்தொகுதியால் பெயர் பெற்றார். 1846இல் விக்டோரியா அரசிக்கு ஓவியம் கற்பித்தார். அவருடைய முதல் நகைப்பாடல் நூல் வந்ததும் அதே ஆண்டில்தான். கண்ணால் கண்டதைப் பிசகாமல் வரைந்த கை என்பதால், அவருடைய பொருந்தாக் கற்பனையிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஜம்பிளிகளின் சல்லடைக்குப் பாய்மரம் உண்டு, அது புகையிலை பிடிக்கும் குழாய். பாயும் உண்டு, அது பச்சை முகத்திரை. கடற்பயணத்துக்கு வேண்டிய எதையும் அவர் மறக்கவில்லை.

இதை நகரத்துப் பிள்ளைகளைவிட எங்கள் பிள்ளைகள் விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு ஞாயிறு மாலை, படிப்பகத் திண்ணையில் மூலப் பாடலை நானே தமிழாக்கி வாசித்தேன். பல்லவியை,

“தூரம் தூரம் ஜம்பிளி தேசம்,
பச்சைத் தலையாம், நீலக் கையாம்,
சல்லடை ஏறிக் கடலுக்குப் போனாராம்”

என்று வைத்துக்கொண்டேன்; இரண்டாம் முறையே எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். நாட்டுப்படகு வைத்திருக்கும் வீட்டுச் சிறுமி ஒருத்தி, “இத்தனை ஓட்டைக்கும் யார் சார் தண்ணி இறைச்சது?” என்று கேட்டாள். பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துக் கலப்பத்துப் பார்ப்பதைப் பார்த்திருக்கும் பிள்ளைக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். அவள் சிரித்த சிரிப்பை அந்தத் தொகுப்பைப் பதிப்பித்தவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் மகனும் அங்கே இருந்தான். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, “இருபது வருசம் கழிச்சா சார் வந்தாங்க?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். அந்தப் பத்தியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். புயலையும் கடலையும் பற்றி இந்தக் கரையில் யாரும் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை சொல்லித் தர வேண்டியதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்த கதையைக் கேட்டுத்தான் அவர்கள் வளர்கிறார்கள்.

லியருக்கும் நம் பக்கத்துக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. ‘யாங்கி-பாங்கி-போ’ என்ற அவருடைய பாடல் சோழமண்டலக் கரையில் நடக்கிறது. கோடியக்கரையோடு அந்தக் கரை முடிவதாகக் கொள்வது வழக்கம் என்றாலும், அது நமக்கு அடுத்த கரைதானே. இரண்டு பழைய நாற்காலி, பாதி மெழுகுவத்தி, கைப்பிடி இல்லாத ஒரு கூஜா, இவ்வளவுதான் அந்த ஏழை யாங்கியின் சொத்து. காதல் கைகூடாமல், கடலாமையின் முதுகில் ஏறி அவன் போய்விடுகிறான். சோழமண்டலம் ஐரோப்பியர் நாவில் ‘கோரமண்டல்’ ஆகி, அந்த ஓசையே ஒரு கவிஞரை ஈர்த்திருக்கிறது. பின்னர், 1873 முதல் 1875 வரை, அவரே இந்தியாவில் சுற்றி ஓவியங்கள் வரைந்தார்.

எனவே, தங்கள் சிறுவர் பக்கத்தில் இவ்விரு பாடல்களையும் வெட்டாமல், நீதி சேர்க்காமல், லியர் தம் கையால் வரைந்த படங்களோடு வெளியிட வேண்டுகிறேன். அவர் மறைந்தது 1888இல். பதிப்புரிமைத் தடை எதுவும் இல்லை. பயன்படுமானால் என்னுடைய தமிழாக்கத்தை அனுப்பி வைக்கிறேன். என்னுடையதைவிட நல்லது கிடைத்தால் அதையே போடுங்கள். ஜம்பிளிகள் கரை திரும்பும் கடைசிப் பத்தி மட்டும் விடுபடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தேவிபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்