வானத்தைப் பார்க்கும் முன் மின்கம்பத்தைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டால் கிராமங்களுக்கு விடிவுகாலம் என்ற தொனியில் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். வள்ளியூருக்கும் பணகுடிக்கும் நடுவே ஒரு கிராமத்தில் கணினி மையம் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்ட் அவுட் என்று ஓடுகிறது பிழைப்பு. நெட் நின்றால் கடையும் நின்றுவிடும். அது வானத்திலிருந்து வந்தால் என்ன, வாய்க்காலிலிருந்து வந்தால் என்ன, வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நான்தான். ஆனால் அந்தக் கட்டுரையில் விலையைப் பற்றி கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி மட்டுமே இருந்தது. எங்கள் ஊரில் முதல் கேள்வியே அதுதான். வாழைக்குப் பயிர்க் காப்பீடு பதிய வந்திருந்த ஒரு அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். "வானத்துலருந்து வருதாம்லா, சரி. துட்டு கீழ இருந்துதானம்மா போகணும்?" என்றார்.

அந்தத் துட்டுக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். எலான் மஸ்கின் செயற்கைக்கோள் இணைய நிறுவனமான ஸ்டார்லிங்குக்கு மத்திய அரசு உரிமம் கொடுத்தது 2025 ஜூனில். அடுத்த மாதமே தொலைத்தொடர்புத் துறை இணையமைச்சர், மாதக் கட்டணம் 3,000 ரூபாய் அளவில் இருக்கலாம், இந்தியாவில் 20 லட்சம் இணைப்புகளுக்கு மேல் அவர்களால் தர முடியாது என்று பேசினார். பக்கத்து நாடான பூட்டானில் குறைந்த திட்டமே 3,000 நுல்ட்ரம், சாதாரணத் திட்டம் 4,200. அவர்களுடைய பணமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு. 2025 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் இந்தியப் பக்கத்தில் மாதம் 8,600 ரூபாய், கூரையில் வைக்கும் டிஷ் கருவிக்கு 34,000 ரூபாய் என்று ஒரு விலை வந்தது. உடனே அது சோதனைக்காகப் போட்டது, தவறுதலாக வெளியே தெரிந்துவிட்டது, இந்தியாவுக்கு விலை இன்னும் அறிவிக்கவில்லை என்று மறுத்துவிட்டார்கள். சரி, அந்த எண்ணை விட்டுவிடுவோம். அமைச்சர் சொன்ன 3,000-ஐயே எடுத்துக்கொள்வோம். நூறு நாள் வேலைக்கு நம் மாநிலத்தில் 2025-26-ஆம் ஆண்டுக் கூலி நாளுக்கு 336 ரூபாய். ஒன்பது நாள் மண் சுமந்தால் ஒரு மாத இணையம். மறுத்தார்களே, அந்தக் கருவியின் விலை, அது நூறு நாள் வேலையின் முழு வருடக் கூலியைவிட 400 ரூபாய் கூடுதல்.

விலை இப்படி இருப்பதற்குப் பேராசை மட்டும் காரணமில்லை. பழைய வகைச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். அங்கே போய்த் திரும்புவதற்குள் வீடியோ அழைப்பில் பேச்சு பிந்திவிடும். ஸ்டார்லிங்க் வகை சுமார் 550 கிலோமீட்டரில் பறக்கிறது. அதனால் பேச்சு பிந்தாது. ஆனால் அவ்வளவு தாழ்வாகப் பறப்பது ஒரே இடத்தில் நிற்காது, நம் தலைக்கு மேலே சில நிமிடங்களில் கடந்து போய்விடும். ஆகவே ஆயிரக்கணக்கில் ஏவி வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் ஐந்து வருடம் போல. அப்புறம் புதிதாக ஏவ வேண்டும். ஒரு வட்டாரத்துக்கு மேலே இருக்கும் வேகத்தை அந்த வட்டாரத்துக்காரர்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நாலு வீடு சிதறிக் கிடக்கும் இடத்துக்கு இது சரி. நானூறு வீடு அடுத்தடுத்து இருக்கும் எங்கள் ஊர் மாதிரி இடத்துக்கு இது தோதுப்படாது.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. எங்களுக்கு மேற்கே தெரிகிற மகேந்திரகிரியில்தான் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. எல்விஎம்3 ராக்கெட்டின் விகாஸ் எஞ்சினும் கிரையோஜெனிக் எஞ்சினும் அங்கே எரித்துச் சோதிக்கப்படுபவை. அந்த ராக்கெட்தான் 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஒன்வெப் நிறுவனத்தின் 72 இணையச் செயற்கைக்கோள்களை மேலே கொண்டுபோனது. எங்கள் மலையடிவாரத்துக்கு அதில் பெருமைதான். அந்த அடிவாரத்திலேயே பள்ளிப் பிள்ளைகள் சிக்னல் தேடி மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது கிராமம் இணையத்துக்கு என்ன செலவழிக்கிறது என்று பாருங்கள். கட்டுரையாளர் விட்டுவிட்ட இடம் இது. நகரத்தில் 30 எம்பிபிஎஸ் வேக ஃபைபர் இணைப்பு 399 ரூபாயில் தொடங்குகிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 471. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அதே 471-தான். எங்கள் தெருவில் வயர் கிடையாது, ஆகவே ஆளுக்கொரு ரீசார்ஜ். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் எல்லாம் விலையை ஏற்றினார்களே, அப்போது 239 ரூபாயாக இருந்த ஜியோவின் தினம் ஒன்றரை ஜிபி திட்டம் 299 ஆனது. அதுவும் 28 நாளுக்கு. அவர்கள் கணக்கில் வருடத்துக்குப் பதின்மூன்று மாதம்! அப்பா, அம்மா, கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு என்று நாலு போன் இருந்தால், அந்தக் கணக்கில் 28 நாளுக்கு 1,196 ரூபாய். பாளையங்கோட்டையில் இருக்கும் குடும்பம் 471 கொடுத்து எல்லையில்லாமல் பார்க்கிறது. பீடி சுற்றும் குடும்பம் ஏறக்குறைய 1,200 கொடுத்துவிட்டு, சாயங்காலத்தில் டேட்டா தீர்ந்து, "அக்கா, ஹாட்ஸ்பாட் போடுங்களேன், ஸ்காலர்ஷிப் ஃபார்ம் பாதியில நிக்குது" என்று என் கடை வாசலுக்கு வருகிறது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும்தானே. கிராமத்து இணையம் மலிவு என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து என் கடையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

வயர் ஏன் வரவில்லை? எங்கள் தெருவுக்கு இணைப்பு கேட்டபோது ஒரு தனியார் நிறுவனத்தின் ஆள் வந்து பார்த்தார். கம்பத்திலிருந்து கடைசி வீடு வரைக்கும் தூரத்தைக் காலால் அளந்தார். பத்து வீடு சேர்ந்தால் யோசிக்கலாம், இல்லையென்றால் கேபிள் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய, அவருக்கு மேலே கணக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடைக்கு நான் வைத்திருப்பது உள்ளூர் கேபிள் அண்ணாச்சி இழுத்துக் கொடுத்த லைன். மின்கம்பத்திலிருந்து ஒரு பனைக்கு, பனையிலிருந்து கடையின் ஓட்டுக்கு நைலான் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் காற்றாலைக்காரர்களுக்கு யோகம், எனக்குச் சோதனை. பனை ஒருபக்கம் சாய, வயர் மறுபக்கம் இழுபட்டு அறுந்துவிடும். அண்ணாச்சி ஏணியோடு வந்து, கண்ணாடி இழையின் இரண்டு முனைகளையும் சீவி, துடைத்து, கைப்பெட்டி அளவு இயந்திரத்தில் வைத்து ஒட்டுவார். நுனியில் தூசு ஒட்டியிருந்தாலும் ஒட்டு பிடிக்காது. அந்தக் காற்றில் சேலை முந்தானையை விரித்து நான் மறைப்புப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

சொல்ல வந்தது, மண்ணில் ஏற்கெனவே பொதுப் பணத்தில் போட்ட ஒன்று இருக்கிறது. 2011-இல் வேறு பெயரில் தொடங்கி 2015-இல் பாரத்நெட் ஆன மத்திய அரசின் ஃபைபர் கேபிள் திட்டம், தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனம் வழியாக 12,525 ஊராட்சிகளுக்கும் 1 ஜிபிபிஎஸ் வேக இணையம் கொண்டுபோவது. மதிப்பு 1,815 கோடி ரூபாய். கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகவே போகிறது, அதாவது எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி. ஆனால் அந்தத் திட்டத்தின் வடிவமே ஊராட்சி வரைக்கும்தான். அங்கிருந்து வீட்டுக்கு வரும் அரைக் கிலோமீட்டர்தான் எங்களுக்கு 550 கிலோமீட்டரைவிடத் தூரமாக இருக்கிறது. 2023-இல் மத்திய அமைச்சரவை பாரத்நெட்டுக்கு மேலும் 1.39 லட்சம் கோடி ஒதுக்கியபோது ஒன்றரைக் கோடி கிராமத்து வீடுகளுக்கு இணைப்பு என்றும் சேர்த்திருக்கிறார்கள். அந்த அரைக் கிலோமீட்டரை உள்ளூர் கேபிள்காரர்களிடம் ஒப்படையுங்கள், வயர் செலவில் பாதியை அரசு ஏற்கட்டும், கட்டணத்துக்கு உச்சவரம்பு வையுங்கள். களியக்காவிளையைத் தாண்டினால் கேரள அரசின் இணைய நிறுவனமான கேஃபோன் 20 எம்பிபிஎஸ்ஸை 299 ரூபாய்க்குக் கொடுக்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

செயற்கைக்கோளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காரையார் அணைக்கு அந்தப்பக்கம் காட்டுக்குள் இருக்கும் இஞ்சிக்குழி காணிப் பழங்குடிக் குடியிருப்புக்குப் புலிகள் காப்பகத்தின் வழியாகக் கம்பம் நட்டு வயர் கொண்டுபோக யாரும் நினைக்கவும் வேண்டாம். மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து மாதிரியான இடங்களும் அப்படித்தான். அங்கே செயற்கைக்கோள் டிஷ்தான் வழி. ஆனால் தலைக்கு மேலே திறந்த வானம் வேண்டும், மரம் மறைக்கக் கூடாது. 75 முதல் 100 வாட் மின்சாரம் வேண்டும். மழை கொட்டினால் வீட்டு டிடிஎச் மாதிரியே இதுவும் தடுமாறும். ஊத்தில் மழை எப்படிப் பெய்யும் என்று மாவட்டத்துக்கே தெரியும். வீட்டுக்கு வீடு விற்கிற சரக்கு இல்லை இது. குடியிருப்புக்கு ஒன்று, பள்ளியிலோ சுகாதார நிலையத்திலோ சோலார் பேனலோடு வைத்து, செலவை டிஜிட்டல் பாரத் நிதியிலிருந்து கொடுக்கட்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருமானத்திலிருந்து எடுக்கும் அந்த நிதி இதற்கென்றே உள்ளதுதானே.

இந்த டிஷ் உதவக்கூடிய இன்னொரு இடமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த அந்த மழையில் தாமிரபரணிக் கரையில் போன்கள் ஊமையாகிப் போனதை யாரும் மறக்கவில்லை. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு டிஷ், ஜெனரேட்டரோடு, மழைக்காலத்துக்கு முன்பே சரிபார்த்து வைத்திருந்தால் போதும்.

கடைசியாக, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், செயற்கைக்கோள் இணையம் பற்றி 2025 மே மாதம் கொடுத்த பரிந்துரை. நிறுவனங்கள் கிராமத்துப் பக்கம் திரும்பட்டும் என்று, நகரத்து இணைப்பு ஒன்றுக்கு வருடம் 500 ரூபாய் கூடுதலாக வசூலிக்கச் சொன்னது. மாதத்துக்கு 42 ரூபாய். 3,000 கொடுக்கத் தயாராக இருக்கும் சென்னைக்காரர் இந்த 42-க்காகவா பின்வாங்கப்போகிறார்? முதல் 20 லட்சம் டிஷ்ஷும் பண்ணை வீட்டுக் கூரைகளிலும் மலைவாசஸ்தல விடுதிகளிலும் போய் உட்கார்ந்துகொள்ளும், கிராமத்துக்குக் கொடுத்தாயிற்று என்று கணக்கும் காட்டப்படும். இதை யாராவது அமைச்சரிடம் கேட்க வேண்டும். உங்கள் நிருபருக்கு அந்த வாய்ப்பு அமைந்தால், கூடவே இதையும் கேட்கச் சொல்லுங்கள்: அந்த ஒன்றரைக் கோடி வீடுகளில் வள்ளியூர் ஒன்றியத்துக்கு எத்தனை, எந்த மாதத்துக்குள்? பதில் வந்தால் அச்சிடுங்கள். நகலெடுத்துக் கடை வாசலில் ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் ஒரு வாசகி,
வள்ளியூர் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.