6 விழுக்காடு என்றால் வேலை இல்லை என்று பொருளா? தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

பகுப்பாய்வுக் குழுவின் 16 கோர் (சிபியுவுக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதி) கொண்ட கணினிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 4 கோர் கணினிகளைத் தரப்போவதாகச் சென்ற வாரம் அறிவிப்பு அனுப்பியிருந்தீர்கள். இரண்டு காரணங்கள் சொல்லியிருந்தீர்கள். நாங்கள் புள்ளியியல் கணக்குகளுக்குப் பயன்படுத்தும் ஆர் (R) நிரல்மொழி ஒரே த்ரெட்டில்தான், அதாவது ஒரு நேரத்தில் ஒரே கோரில்தான், ஓடும். அலுவலக நேரத்தில் எங்கள் கணினிகளின் சிபியு பயன்பாடு 6 விழுக்காட்டைத் தாண்டுவதே இல்லை. இரண்டும் உண்மைதான். அவற்றை வைத்து நீங்கள் எடுத்த முடிவுதான் தவறு.

அந்த 6 எங்கிருந்து வருகிறது? 100ஐ 16ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு கோர் முழு மூச்சாக ஓடுகிறது, மற்ற 15 சும்மா நிற்கின்றன. சிபியு பயன்பாட்டைக் காட்டும் விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் மொத்தத்தையும் சேர்த்து 6 என்று காட்டுகிறது. அந்த 15 கோர்களுக்கும் கொடுக்க எங்களிடம் வேலை குவிந்து கிடக்கிறது. கொடுக்கவிடாமல் தடுத்திருப்பது உங்கள் பிரிவு.

பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. ஆர் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். ஆனால் அதன் பல பிரதிகளைத் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கைக் கொடுத்து, முடிவுகளை வாங்கிச் சேர்க்கலாம். அதற்கான 'பேரலல்' தொகுப்பு 2011இல் வெளிவந்த 2.14.0 பதிப்பிலிருந்தே ஆருடன் வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். விண்டோஸில் அது ஆர் நிரல்களை ஓட்டும் ஆர்ஸ்கிரிப்ட்டைப் பல முறை தொடங்கி, 11000க்கும் 11999க்கும் இடைப்பட்ட ஒரு போர்ட் (நிரல்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு எண்) வழியாக, அதே கணினிக்குள்ளேயே அவற்றுடன் பேசுகிறது. நீங்கள் கொண்டுவந்த பாதுகாப்பு மென்பொருள் தொடங்குவது, பேசுவது இரண்டையுமே தடுக்கிறது.

இதனால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சிங்கப்பூரின் 55 திட்டமிடல் வட்டாரங்களிலும் வரும் வாரங்களில் எத்தனை பேருக்கு டெங்கி வரலாம் என்று கணிப்பது எங்கள் வேலை. 2020இல் இந்தச் சின்னத் தீவில் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. விளையாட்டான கணக்கில்லை இது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தரவிலிருந்து மறுபடி மறுபடி மாதிரி எடுத்து மாடலை ஓட்டினால்தான் கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல முடியும். எங்கள் மாடலில் ஈசூன் வட்டாரக் கணக்குக்கும் பிடோக் வட்டாரக் கணக்குக்கும் தொடர்பே இல்லை. ஒன்று முடியட்டும் என்று மற்றது காத்திருக்க வேண்டியதில்லை.

வரிசையாக ஓட்டினால் திங்கள் மாலை தொடங்குவது செவ்வாய் மதியம்தான் முடியும். வாடிக்கையாளருக்கு அறிக்கை செவ்வாய் காலை போயாக வேண்டும். அதனால் எங்கள் குழுவின் மூத்த அக்கா ஒருவர் திங்கள்தோறும் ஆரை இயக்கும் ஆர்ஸ்டூடியோ மென்பொருளை எட்டு ஜன்னல்களில் கையால் திறக்கிறார். முதல் ஜன்னலில் 1 முதல் 7 வரை, அடுத்ததில் 8 முதல் 14 வரை, கடைசியில் 50 முதல் 55 வரை என்று வட்டார எண்களைத் தானே மாற்றி எழுதுகிறார். எட்டிலும் வெவ்வேறு சீட் எண் (ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) கொடுக்கிறார். இரண்டில் ஒரே எண் விழுந்தால் ஒரே ரேண்டம் வரிசை இரண்டிலும் வந்துவிடும். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு இரவு 11 மணிக்கு உள்நுழைந்து எட்டையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். மறுபடி 2 மணிக்கு எழுந்து பார்க்கிறார். ஏதாவது ஒன்றில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்திருந்தால் அந்த வட்டாரங்கள் முதலிலிருந்து ஓட வேண்டும். காலையில் எட்டுக் கோப்புகளையும் ஒட்டிச் சேர்ப்பதும் அவர்தான்.

திங்கள் இரவுகளில் பயன்பாடு 50 விழுக்காட்டைத் தொடுகிறது. உங்கள் கணக்கெடுப்பு அலுவலக நேரத்தோடு முடிந்துவிட்டதால் அது உங்கள் கண்ணில் படவில்லை.

மனிதர் கையால் எட்டு ஆரைத் திறந்தால் அனுமதி, அதே எட்டை நிரல் திறந்தால் தடை. இதில் எந்தப் பாதுகாப்பு கூடுகிறது என்று எங்களுக்குப் புரியவில்லை. தயவுசெய்து வொர்க்கர்களை, அதாவது பங்கு வேலையைச் செய்யும் ஆர் பிரதிகளை, நிரலே தொடங்க அனுமதி கொடுங்கள். வெளியிலிருந்து வரும் இணைப்புகள் மூடியே இருக்கட்டும், கணினிக்குள் பேசிக்கொள்ளவிட்டால் போதும்.

மெமரி தீர்ந்துவிடும் என்ற உங்கள் கவலை நியாயமானது. ஒவ்வொரு வொர்க்கரும் தரவின் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளும். அதனால் 16ஐயும் கேட்கவில்லை, 12 போதும். லினக்ஸ் சர்வரில் இடம் தந்தால் இன்னும் நல்லது. அங்கே ஃபோர்க் (ஓடும் நிரலை அப்படியே கிளை பிரிக்கும் முறை) வழியாகத் தொடங்கும்போது, மாற்றாத தரவை எல்லாப் பிரதிகளும் பகிர்ந்துகொள்ளும். ரேண்டம் எண்களைப் பற்றியும் பயம் வேண்டாம். லெக்குயேர் என்ற ரேண்டம் எண் உருவாக்கும் முறையில் ஒவ்வொரு வொர்க்கருக்கும் தனி வரிசையைப் 'பேரலல்' தொகுப்பே கொடுத்துவிடும். எல்லாம் பன்னிரண்டு மடங்கு வேகமாகிவிடும் என்றும் சொல்ல வரவில்லை. தரவைப் படிப்பதும் முடிவுகளைச் சேர்ப்பதும் எப்படியும் ஒரே கோரில்தான். ஆனாலும் இரவுக்குள் முடிந்துவிடும்.

தொழில்நுட்பத்தை எங்கும் பயன்படுத்தச் சொல்லும் சிங்கப்பூரின் அறிவார்ந்த தேசத் திட்டம் 2014இல் தொடங்கியது. அன்றிலிருந்து எத்தனை சுவரொட்டிகள், எத்தனை கருத்தரங்குகள்! திறன் வளர்க்க அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தில் அந்த அக்கா படித்த வகுப்பில் இதே பேரலல் முறையைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். படித்துவிட்டு வந்தவர் இங்கே ஜன்னல் ஜன்னலாக எண்களை மாற்றிக்கொண்டிருக்கிறார். ஊழியர்களைப் படிக்க அனுப்புவோம், படித்ததைச் செய்யவிட மாட்டோம் என்றால் எதற்கு அந்தப் படிப்பு? புதிய ஏஐ உரிமங்கள் வாங்கப் பணம் இருக்கிறது, ஏற்கெனவே வாங்கிய கோர்களை ஓடவிட மனம் இல்லை.

சரி, கோபத்தில் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: ஆர் வொர்க்கர்களைத் தொடங்க அனுமதி. அதை முடிவு செய்யும்வரை 16 கோர் கணினிகளை எடுத்துச் செல்ல வேண்டாம். முதலில் ஒரே ஒரு கணினியில் இரண்டு வாரம் சோதித்துப் பாருங்கள். எந்த போர்ட், எத்தனை வொர்க்கர், எவ்வளவு மெமரி என்பதை எழுதித் தரத் தயாராக இருக்கிறோம். உங்கள் பிரிவிலிருந்து ஒருவர் ஒரு திங்கள் மாலை எங்கள் மேசைப்பக்கம் வந்தால் நேரிலேயே காட்டுகிறோம்.

பணிவுடன்,
பகுப்பாய்வுக் குழுவிலிருந்து ஓர் ஊழியர்