சிறந்த மகசூல் விருது முனியாண்டிக்கே!

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். கோட்டு சூட்டில் ஆறு பேர், நடுவில் ஒரு கண்ணாடிக் கேடயம். மின்னியல் முறையில் தோட்ட நிர்வாகத்தை மாற்றிக் காட்டியதற்கு விருதாம். கொடுத்ததும் நிறுவனம், வாங்கியதும் அதே நிறுவனத்தின் இன்னொரு பிரிவு. பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்த விருது எங்கே விளைந்தது என்று மட்டும் உங்கள் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

நான் குளுவாங் பக்கத்தில், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் 1975 முதல் 2015 வரை கிராணி (கணக்கர்) வேலை பார்த்தவன். இப்போதும் சாயங்காலமானால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நம் குடும்பங்கள் நாலைந்துதான் மிச்சம். தண்டல் (மேற்பார்வையாளர்) ஒருவர் இருக்கிறார், நான் வேலைக்குச் சேர்த்துவிட்ட பையன். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்பு கோலாலம்பூரிலிருந்து ஒரு செயலி வந்தது. பழம் வெட்டினால் குலையை எண்ணிப் புத்தகத்தில் எழுதக்கூடாது, கைப்பேசியில் தட்ட வேண்டும். தட்டியது தலைமையகத்துத் திரையில் கலர் கலராகத் தெரியும். நல்ல விஷயம்தான். ஆனால் தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது, லைன் கிடைக்காது. கிடைக்கிற ஒரே இடம் ஏழாம் நம்பர் காட்டு (தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் காடு என்போம்) மேட்டில் இருக்கும் முனியாண்டி கோயில், அதிலும் சூலத்துக்குப் பின்னால் அரசமரத்தடி. அதனால் தண்டல் பகலெல்லாம் எல்லாக் காட்டிலும் எண்ணித் தாளில் குறித்துக்கொண்டு, நாலு மணிக்குக் கோயிலுக்கு ஏறி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தட்டுவார். அது திரையில் ஏறி அனுமதி வந்தால்தான் லாரி நகரலாம் என்று வேறு உத்தரவு. பழம் வெட்டின 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். இது தோட்டத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அனுமதிக்காகக் குலைகள் ராத்திரியெல்லாம் ரோட்டோரம் கிடந்தன.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. பதிவு எந்த இடத்திலிருந்து ஏறுகிறதோ, அந்த இடத்தில்தான் பழம் வெட்டியதாக அந்தச் செயலி எழுதிக்கொள்ளும். ஆக, தோட்டம் முழுவதும் வெட்டிய பழம் ஏழாம் காட்டுக் கணக்கில் விழுந்தது. எக்டருக்கு வருடத்துக்கு 25 டன் வந்தால் அதை நல்ல காடு என்போம். கோலாலம்பூர் திரையில் ஏழாம் காடு 200 டன்னைத் தாண்டிவிட்டது. என்னிடம் வேலை பழக வந்த சின்னக் கிராணி இப்படி ஒரு கணக்கு எழுதியிருந்தால், ‘தம்பி, ராத்திரி என்ன குடித்தாய்?’ என்று கேட்டிருப்பேன். அங்கே கேட்க ஆள் இல்லை. கைதட்டினார்கள்.

ஏழாம் காடு 1997-இல் நட்டது. கம்போடு அரிவாளைக் கட்டி நிமிர்ந்தால் கழுத்து ஒடிகிற உயரம். மறுநடவுக்குப் போக வேண்டிய கிழட்டு மரங்கள். ‘இவ்வளவு காய்க்கிற காட்டையா வெட்டுவது?’ என்று அந்த மறுநடவை ரத்து செய்துவிட்டு, திரையில் சுழியம் காட்டிய பன்னிரண்டாம் காட்டை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டார்கள். பன்னிரண்டாம் காடு 2013-இல் நட்டது. எக்டருக்கு 136 கன்று என்று என் கையால் எழுதிய கணக்கு. காய்த்துக் கொட்டுகிற வயது. தண்டல் அலுவலகத்துக்கு ஓடிச் சொன்னார். மேனேஜர் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாராம்: “திரை பொய் சொல்லுமா?” நான்கு எக்டர் சாய்ந்த பிறகுதான் மண்வாரி நின்றது, அதுவும் டீசல் பில் பாஸாகவில்லை என்பதால். 544 மரம். நான் போய்ப் பார்த்தபோது சாய்ந்த மரங்களில் குலைகள் பழுத்துச் சிவந்து கிடந்தன. பொறுக்க உத்தரவு இல்லை, அந்தக் காட்டில்தான் மகசூலே இல்லையே.

வெள்ளைக்காரத் துரை காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரி என்ற ஆங்கிலேயத் தோட்ட நிறுவனம் நம் மலேசிய நாட்டுக் கைக்கு வந்த செய்தியைக் கேட்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் துரை விடியற்காலை ஐந்தரைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வந்து நிற்பார். திட்டுவார். எந்தக் காட்டில் எந்தப் பாலம் உடைந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

அதே 1981-இல்தான் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு குட்டி வண்டைக் கொண்டுவந்து எங்கள் குளுவாங் வட்டாரத்தில் விட்டார்கள். அதுவரை செம்பனைப் பூவுக்கு மகரந்தம் போட்டது நம் பெண்கள்தான். மகரந்தத்தை டால்க் மாவில் கலந்து பூப்பூவாக ஊதுவார்கள். என் அம்மா வேலை முடிந்து வரும்போது மாவு மில்லிலிருந்து வருகிறவர் போல இருப்பார். வண்டு வந்ததும் அந்த வேலை நின்றது, காய்ப்பு கூடியது. அந்த வண்டை விடுவதற்கு முன் வேறு பயிரைத் தின்னுமா, நோய் கொண்டுவருமா என்று வருடக்கணக்கில் சோதித்தார்கள். ஒரு வண்டுக்கு இவ்வளவு சோதனை. தலைமையகத்துக்கு ஆள் எடுக்கும்போது ஒரு வாரமாவது அடைத்து வைத்துப் பார்க்கலாம்.

பிறகு சாதனைக் காட்டை நேரில் பார்க்க நான்கு பேர் வந்தார்கள். கால்களில் வெள்ளைச் சப்பாத்து. ஒருவர் பழம் வெட்டும் உளியைத் தலைகீழாகப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். “இந்தக் காட்டுக்கு யார் பொறுப்பு?” என்று மலாயில் கேட்டிருக்கிறார்கள். தண்டல் சும்மா கையைக் காட்டியிருக்கிறார். அங்கே முனியாண்டி, கையில் அரிவாள், முறுக்கிய மீசை. ஒருவர் குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டாராம்.

உண்மை தெரிந்த பிறகு யாருக்கும் வேலை போகவில்லை. செயலியை விற்றவர்களையே மறுபடி கூப்பிட்டு, என்ன கோளாறு என்று ஆராயச் சொல்லியிருக்கிறார்கள். தண்டலுக்கு மட்டும், ‘வேலை நேரத்தில் வழிபாட்டுத் தலத்தில் இருந்ததற்கு’ விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மாதம் 60 வெள்ளி (ரிங்கிட்) பெட்ரோல் காசும் நின்றது. பதில் கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

ஆடி மாதம் கோயிலில் பூசை வைத்திருக்கிறோம். உங்கள் படத்தில் இருந்த அந்தக் கேடயத்தை ஒரு நாளைக்கு மட்டும் இரவல் கொடுத்தால் சாமி முன்னால் வைத்துச் சூடம் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம். கணக்குப்படி அது அவருடையது.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
குளுவாங், ஜொகூர்.