எட்டு மாசம் கழிச்சு ஆமை எழுதறது

ஏய் கொசு,

நீ திட்டி அனுப்பின ரெண்டு வாய்ஸ் மெசேஜும் கேட்டேன்டி. ரெண்டாவதுல பின்னாடி நாய் குரைச்சதுல பாதித் திட்டு காதுல விழல, அந்த மட்டும் தப்பிச்சேன். நான் நல்லா இருக்கேன், உன் முட்டி வலி தேவலையா? சரி, விஷயத்துக்கு வரேன், யார்கிட்டயாவது சொல்லலைன்னா தூக்கம் வராது.

அந்த நாலு நாட்டு பேப்பர் ஞாபகம் இருக்கா? டயாலிசிஸ் வரைக்கும் போகாத கிட்னி பேஷண்ட்ஸ் எவ்ளோ புரோட்டீன் சாப்பிடறாங்கன்னு பாக்கறது. போன வாரமே ஜர்னலுக்குப் போயிருக்கணும். போகல, என்னாலதான்.

சாப்பாட்டு டைரியை நம்ப முடியாதுன்னு உனக்குத் தெரியும், டயட்டீஷியன் மூஞ்சியைப் பாத்ததும் எல்லாரும் குறைச்சுத்தான் சொல்லுவாங்க. அதனால 24 மணி நேர யூரினைச் சேத்து அளக்கறோம், சாப்பிட்ட புரோட்டீன்ல இருக்கற நைட்ரஜன் பெரும்பாலும் யூரியாவா அதுல வெளிய வரும். அதுல வர யூரியா நைட்ரஜன் எத்தனை கிராமோ அதோட உடம்பு எடைல கிலோவுக்கு 0.031 கிராம் கூட்டி 6.25ஆல பெருக்கணும், அதான் மரோனி ஃபார்முலா, நீ எக்ஸாம்ல தூங்கி வழிஞ்ச அதே கேள்வி. இப்ப ஒரே ஒரு சென்டர்ல மட்டும் எல்லாரும் எக்கச்சக்கமா சாப்பிடறதா வந்துச்சு. கிட்னி கைட்லைன்ஸ் ரெண்டுல, கேடிஓக்யூஐ 2020ல சுகர் இல்லாதவங்களுக்கு நாளைக்கு சொன்னது கிலோவுக்கு 0.55லேர்ந்து 0.60 கிராம், கேடிகோ 2024ல 0.8, இவங்க 1.5ஐத் தாண்டி நிக்கறாங்க. மீட்டிங்ல ஆளாளுக்கு ஒரு தியரி, அவங்க கலாச்சாரமே அப்படி, அங்க கவுன்சலிங் சரியில்லைன்னு. டிஸ்கஷன்ல ரெண்டு பாரா ஏறிடுச்சு. அதுல ஒண்ணு நான் எழுதினது, அழகா வேற எழுதியிருந்தேன், அதான் கேவலம்.

அனுப்ப ரெண்டு நாள் இருக்கறப்ப ராத்திரி சும்மா டேட்டாவை உருட்டிட்டு இருந்தேன். ஒரு ரோ. 47 கிலோ ஆளு, முந்தின விசிட்ல 49, அதுக்கு முன்னாடி 53. ரத்தத்துல இருக்கற புரோட்டீன் ஆல்புமின், அந்தக் கட்டத்துல 31னு இருக்கு, பயந்துடாத, அவங்க லிட்டர் கணக்குல போடறவங்க, நம்ம டெசிலிட்டர் கணக்குல 3.1. புரோட்டீன் மட்டும் நாளைக்கு 75 கிராம்! இவ்ளோ சாப்பிடறவர் ஏன்டி இப்படி உருகறாரு? யூரின் கட்டத்தோட தலைப்பைப் பாத்தேன், வெறும் "யூரியா". மத்த மூணு சென்டர்லயும் "யூரியா நைட்ரஜன்". யூரியாவுல நைட்ரஜன் பாதிகூடக் கிடையாது, 2.14ஆல வகுக்கணும். வகுத்துப் போட்டா அவர் சாப்பிடறது 40 கிராம் கிட்டத்தான்.

எனக்குக் கை நடுங்கிடுச்சு. இந்த நம்பரை நம்பி யாராவது அவர்கிட்ட "ஐயா கொஞ்சம் குறைச்சுக்கோங்க"ன்னு சொல்லியிருந்தா? ஏற்கெனவே கரைஞ்சுட்டு இருக்கற மனுஷன். கிட்னி நோயில உடம்பு இப்படிக் கரையறதுக்கு புரோட்டீன் எனர்ஜி வேஸ்டிங்ங்கற பேரையே பல நாட்டுக்காரங்க உக்காந்து பேசி 2008லதான் ஒரு வழியா முடிவு பண்ணாங்க, அதுவரைக்கும் இதுக்கு ஆளுக்கொரு பேரு. நாங்க ஒரு கட்டத்தோட தலைப்பைக்கூட ஒத்துப் பேசிக்கல.

மெயிலை ஏழு தடவை எழுதி அழிச்சேன், அந்த சென்டர் ஹெட் பெரிய மனுஷன், நான் வெறும் டயட்டீஷியன். கடைசில அங்க டேட்டா போடற பையனுக்கு மட்டும் தனியா அனுப்பினேன். இருபது நிமிஷத்துல பதில்: யூரியாதான், எனக்கும் சந்தேகம் இருந்துச்சு, மீட்டிங்ல நீங்க எல்லாரும் வேகமா பேசினீங்க, நடுவுல எப்படி நுழையறதுன்னு தெரியல.

படிச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்துட்டேன்டி. மாசத்துக்கு ரெண்டு வீடியோ கால், எனக்கு ராத்திரி பதினொண்ணு, அவனுக்கு விடியக்காலை. இங்கிலீஷ்ல சரளமா பேசினவங்க தியரி சொன்னோம், விஷயம் தெரிஞ்சவன் மியூட்ல இருந்தான். அவன் ஊர் சாப்பாட்டைப் பத்தி நான் பாரா எழுதறேன், அவன் கேட்டுட்டு இருக்கான்!

இப்ப எல்லாத்தையும் திரும்பக் கணக்குப் போட்டாச்சு, ரெண்டு பாராவும் தூக்கியாச்சு. பெரிய மனுஷன் கோவப்படவே இல்ல, ரெண்டு வரில நன்றின்னு முடிச்சுட்டார், நான் பயந்ததுதான் மிச்சம். சண்டை வேற எடத்துல. அந்தப் பையன் பேரு நன்றியுரைல கிடக்கு, ஆத்தர் லிஸ்ட்ல போடணும்னு நான் பிடிவாதம். ஆத்தர் யாருன்னு மெடிக்கல் ஜர்னல் எடிட்டர்ஸ் கமிட்டி (ஐசிஎம்ஜேஇ) போட்ட ரூல் நாலும் பொருந்தணுமாம், அவன் டிராஃப்ட்ல கை வைக்கலையாம். டிராஃப்டை அவனுக்கு அனுப்பினாத்தானே கை வைப்பான்? நேத்து நானே அனுப்பிட்டேன், அவன் மொழிலயே கமெண்ட் போடுன்னு சொல்லி. என் பேரு ஏழாவது, சிரிக்காத, ஆமைக்கு அது போதும்.

உனக்கு ஒரு வேலை. டேபிள் ரெண்டு, மூணு மட்டும் இதோட வெச்சிருக்கேன். கிரியேட்டினின், பாஸ்பேட், ஆல்புமின் மூணுத்துலயும் யூனிட்டைத் துருவிப் பாரு. ஆல்புமினை எந்த டை போட்டு அளந்தாங்கன்னு ரெண்டு சென்டர்கிட்ட கேட்டிருக்கேன், பிசிஜிங்கற (புரோமோகிரிசால் கிரீன்) டைன்னா அளவைக் கூடத்தான் காட்டும். என் கண்ணை நான் இப்ப நம்பறதா இல்ல. வியாழக்கிழமைக்குள்ள சொல்லு, திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம்.

உன்
ஆமை